ஒரே தொட்டியில் கூடி வாழும் மீன்கள்

மட்டாஞ்சேரியில் வீடுகள் நெருக்கமாக இருக்கும். தெருக்கள் குறுகலாக இருக்கும். பல வீடுகளில் ஒரு பூச்செடி வைக்கக்கூட இடம் இல்லை. ஆனால் ஒரு கண்ணாடித் தொட்டி வைக்க இடம் இருக்கும். இரண்டு அடி நீளம் போதும். அதில் நாலு கலர் மீன் ஓடினால் வீட்டுக்கே ஒரு களை வந்துவிடும். பிள்ளைகள் தொட்டியை விட்டு நகரமாட்டார்கள்.

தொட்டி வாங்குவது எளிது. மீன் வாங்குவதும் எளிது. வாங்கிய மீன்கள் ஒரு மாதம் கழித்தும் உயிரோடு இருக்கின்றனவா? அதுதான் கேள்வி.

பல வீடுகளில் நடப்பது இதுதான். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு கடைக்குப் போகிறார்கள். கண்ணுக்குப் பிடித்த மீனைக் கை காட்டுகிறார்கள். தங்க மீன் ஒரு ஜோடி. ஏஞ்சல் ஒரு ஜோடி. டைகர் பார்ப் நாலு. நீல நிற ஃபைட்டர் ஒன்று. "தொட்டியைச் சுத்தம் செய்யும்" என்று கடைக்காரர் சொல்ல, சக்கர் மீன் ஒன்று. எல்லாம் ஒரே தொட்டியில்.

பத்து நாள் போகிறது. ஏஞ்சல் மீனின் நீண்ட துடுப்பு கிழிந்து தொங்குகிறது. ஃபைட்டர் ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடக்கிறது. தங்க மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. பிறகு ஒவ்வொன்றாகச் சாகின்றன. "நம் வீட்டுக்கு மீன் ராசி இல்லை" என்கிறார் பாட்டி. "யாரோ கண் வைத்துவிட்டார்கள்" என்கிறார் அடுத்த வீட்டு அக்கா.

ராசியும் இல்லை, கண்ணும் இல்லை. ஒன்றோடு ஒன்று சேராத மீன்களை ஒரே தண்ணீரில் அடைத்ததுதான் காரணம். அந்த மீன்கள் எங்கிருந்து வந்தவை என்று பாருங்கள். தங்க மீன் சீனாவில் பல நூறு ஆண்டுகளாக வளர்த்து உருவாக்கப்பட்டது. அதற்குக் குளிர்ந்த தண்ணீர் பிடிக்கும். ஏஞ்சலும் சக்கரும் தென் அமெரிக்க ஆறுகளைச் சேர்ந்தவை. டைகர் பார்ப் இந்தோனேசியப் பக்கத்து மீன். ஃபைட்டர் தாய்லாந்து நாட்டு மீன். ஆற்றில் இவை ஒன்றையொன்று பார்த்ததே இல்லை. ஒன்றின் குணம் மற்றொன்றுக்குத் தெரியாது. ஆற்றில் சண்டை வந்தால் தோற்ற மீன் ஓடிவிடலாம். இரண்டு அடித் தொட்டியில் எங்கே ஓடும்?

எவ்வளவு பெரிதாக வளரும்?

கடையில் இருப்பவை பெரும்பாலும் குட்டி மீன்கள். எல்லாம் விரல் நீளம்தான் இருக்கும். அதைப் பார்த்து ஏமாறக்கூடாது. கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது விலை அல்ல.

"சேட்டா, இது எவ்வளவு பெருசா வளரும்?" என்று கேட்க வேண்டும்.

"சின்ன தொட்டியில் போட்டால் சின்னதாகவே இருக்கும் சேச்சி" என்று அவர் சொல்லலாம். இந்தப் பேச்சை நம்ப வேண்டாம். இடம் இல்லாத தொட்டியில் மீன் சரியாக வளராதுதான். ஆனால் அது நலமாக இருக்கிறது என்று பொருள் இல்லை. முதுகு வளைந்து, நோய் பிடித்து, ஆயுள் முடியும் முன்பே செத்துப்போகும்.

சக்கர் மீன் கடையில் 5 செ.மீ. இருக்கும். வளர்ந்தால் ஒரு அடியைத் தாண்டும். ஆஸ்கார் மீனும் ஒரு அடி வளரும். அதன் வாயில் நுழையும் எதுவும் அதற்கு உணவுதான். கடையில் 'ஷார்க்' என்று ஒரு குட்டி மீன் விற்பார்கள். வெள்ளி போல மின்னும். அது சுறா இல்லை. பங்காசியஸ் என்ற கெளுத்தி வகை. 'பாசா' என்று ஓட்டல்களில் துண்டு போட்டுப் பொரித்துத் தருகிறார்களே, அந்த மீனின் இனம். ஒரு மீட்டர் வரை வளரக்கூடியது. அதை வரவேற்பறைத் தொட்டியில் வளர்க்க நினைப்பது, கட்டிலுக்கு அடியில் யானைக்குட்டி வளர்ப்பது போலத்தான்.

இரண்டு அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம் உள்ள தொட்டியில் ஏறக்குறைய 50 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். சின்ன மீன்களுக்கு ஒரு எளிய கணக்கு உண்டு. மீன் முழுதாக வளர்ந்தால் எத்தனை செ.மீ. இருக்கும் என்று பாருங்கள். எல்லா மீன்களின் நீளத்தையும் கூட்டுங்கள். ஒரு லிட்டருக்கு ஒரு செ.மீ.க்கு மேல் போகக்கூடாது. அதாவது 50 லிட்டர் தொட்டியில் 5 செ.மீ. வளரும் மீன்கள் பத்து வரை. இந்தக் கணக்கு பெரிய மீன்களுக்குப் பொருந்தாது. ஒரு அடி வளரும் மீன் ஒன்றே ஒன்று என்றாலும் அந்தத் தொட்டி அதற்குப் போதாது.

தங்க மீனும் சின்ன மீன் இல்லை. ஒரு சாண் அளவு வளரும். நிறையத் தின்னும், நிறையக் கழிக்கும். தண்ணீர் சீக்கிரம் கெட்டுவிடும். கொச்சி வெயிலில் தொட்டி நீர் சூடேறினால் அதற்கு மூச்சு முட்டும். தங்க மீன் வேண்டும் என்றால் பெரிய தொட்டியில் தங்க மீன்களை மட்டும் வளர்க்கலாம்.

யார் சண்டைக்காரர்?

உடம்பு சின்னதாக இருந்தால் குணம் சாது என்று நினைக்க வேண்டாம். கேரளத்து மீன் ஒன்றே இதற்குச் சாட்சி. பம்பை ஆற்றிலும் வேறு சில ஆறுகளிலும் ஒரு குட்டிப் பேத்தை மீன் இருக்கிறது. மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளிகள். வளர்ந்தாலே 3 செ.மீ. அளவுதான். கட்டை விரல் நுனி போல இருக்கும். கண்களை உருட்டி உருட்டிப் பார்க்கும். இதன் அழகுக்காக வெளிநாடுகளிலும் விரும்பி வாங்குகிறார்கள். ஆனால் இது நத்தையையும் புழுவையும் கடித்துத் தின்னும் மீன். பக்கத்தில் நீண்ட வாலுடைய கப்பி போனால் வாலைக் கடித்துவிடும். அழகான வால் இரண்டே நாளில் கந்தலாகிவிடும்.

டைகர் பார்ப் இன்னொரு குறும்புக்காரன். மஞ்சள் உடம்பில் கறுப்புப் பட்டைகள் போட்ட மீன். ஏஞ்சலின் நீண்ட துடுப்பையும், கௌராமியின் மீசை போன்ற இழைகளையும் கண்டால் விடாது. இரண்டு மூன்று மட்டும் இருந்தால் தொல்லை அதிகம். எட்டுப் பத்து சேர்ந்து கூட்டமாக இருந்தால் தங்களுக்குள்ளேயே துரத்தி விளையாடும். மற்ற மீன்களுக்குத் தொல்லை குறையும். இருந்தாலும் ஏஞ்சலோடு சேர்க்காமல் இருப்பதே நல்லது.

ஃபைட்டர் என்றால் சண்டைக்காரன். பெயரிலேயே இருக்கிறது. இரண்டு ஆண் ஃபைட்டர்களை ஒரே தொட்டியில் விட்டால் ஒன்று சாகும் வரை சண்டை போடும். ஆண் கப்பியின் பெரிய வண்ண வாலைப் பார்த்தாலும் வேறொரு ஃபைட்டர் என்று நினைத்துப் பாயலாம். ஆனால் டைகர் பார்போடு விட்டால் கதை தலைகீழ். அப்போது அடி வாங்குவது ஃபைட்டர்தான். அதைத் தனியாக வைப்பதே அதற்கும் நல்லது, மற்றவற்றுக்கும் நல்லது. ஆனால் கடையில் வைத்திருக்கும் சின்னப் பாட்டிலில் அல்ல. அதற்கும் நீந்த இடம் வேண்டும்.

ஏஞ்சல் சாதுவாகத் தெரியும். நியான் டெட்ரா போன்ற மெல்லிய மீன் அதன் வாயில் நுழையும் அளவுக்கு ஏஞ்சல் வளர்ந்துவிட்டால், காலையில் எண்ணிப் பார்க்கும்போது டெட்ரா ஒன்று குறையும். மறுநாள் இன்னொன்று குறையும். சின்ன வயதில் இரண்டும் சேர்ந்து ஓடியதால் நட்பு என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. சில மீன்கள் தனியாக இருந்தால் பயத்திலேயே மெலியும். டெட்ரா, பார்ப், வரிக்குதிரை மீன் ஆகியவை கூட்டமாக வாழும் இனங்கள். ஒரே இனத்தில் ஐந்தாறாவது வேண்டும். "ஒவ்வொன்றிலும் ஒரு ஜோடி" என்று வாங்கும் பழக்கம் இங்கேதான் தவறாகிறது. பத்து இனத்தில் ஒவ்வொன்று வாங்குவதைவிட, இரண்டு இனத்தில் ஐந்தைந்து வாங்கினால் தொட்டி அமைதியாக இருக்கும். பார்ப்பதற்கும் அழகு.

வீட்டுத் தண்ணீர் எப்படி?

கொச்சியில் குழாயில் வருவது ஆற்று நீர். அதைச் சுத்தம் செய்யக் குளோரின் கலக்கிறார்கள். மனிதருக்கு அது பாதுகாப்பு. மீனுக்கு அது விஷம். ஆகவே தண்ணீரை வாளியில் பிடித்து, திறந்த நிலையில் ஒரு நாள் முழுக்க வைத்திருந்து பிறகு தொட்டியில் ஊற்ற வேண்டும். காற்றுக் குழாயைப் போட்டுக் குமிழி விட்டால் குளோரின் இன்னும் சீக்கிரம் வெளியேறும்.

ஆற்று நீரில் சோப்பு நன்றாக நுரைக்கும். இப்படிப்பட்ட நீரை மென்னீர் என்பார்கள். டெட்ரா, செர்ரி பார்ப் போன்றவற்றுக்கு இது ஏற்றது. கடலும் காயலும் பக்கத்தில் இருப்பதால் மேற்குக் கொச்சியில் சில கிணறுகளின் நீர் உப்புக் கரிக்கும். அந்த நீரில் டெட்ரா பிழைக்காது. ஆனால் மாலி மீனுக்குக் கொஞ்சம் உப்பு பிடிக்கும். வேம்பநாட்டுக் காயலில் வாழும் பள்ளத்தியும் உப்பு கலந்த நீரைத் தாங்கும். மீனுக்காகத் தண்ணீரை மாற்றப் பாடுபடுவது வீண். வீட்டில் கிடைக்கும் தண்ணீருக்கு ஏற்ற மீனை வாங்குவது சுலபம்.

பள்ளத்தியைப் பற்றி ஒரு செய்தி. இது கரிமீனின் சின்னத் தம்பி போன்றது. மஞ்சள் நிறம். 8 செ.மீ. அளவு வளரும். காயலில் பள்ளத்திக் குஞ்சுகள் கரிமீனின் உடம்பில் ஒட்டியிருக்கும் பூச்சிகளைக் கொத்தித் தின்று சுத்தம் செய்யும். கரிமீனும் அசையாமல் நின்று இடம் கொடுக்கும். அதே பள்ளத்தி, வாய்ப்புக் கிடைத்தால் கரிமீனின் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்றுவிடும்! உறவு என்றால் இப்படித்தான் இருக்கும் போல. தொட்டியில் ஒரு ஜோடி பள்ளத்தி முட்டையிட்டால் தாயும் தகப்பனும் சேர்ந்து காவல் காக்கும். அந்த நாட்களில் கிட்டே வரும் எல்லா மீனையும் விரட்டும். மூன்று அடித் தொட்டி இருந்தால் மாலி மீன்களோடு பள்ளத்தியை வளர்க்கலாம். கரிமீனைத் தொட்டியில் வளர்க்க ஆசைப்பட வேண்டாம். 2010ஆம் ஆண்டு கேரள அரசு அதை மாநில மீனாக அறிவித்தது. ஆனால் அது ஒரு சாணைத் தாண்டி வளரும். தொட்டி தாங்காது.

மிஸ் கேரளா

கேரளத்து மீன்களில் உலகப் புகழ் பெற்றது 'மிஸ் கேரளா'. மலையாளத்தில் செங்கணியான் என்றும் சொல்வார்கள். வெள்ளி உடம்பு. மூக்கிலிருந்து கண் வழியாக ஒரு சிவப்புக் கோடு. அதன் கீழே கறுப்புக் கோடு. வாலில் மஞ்சளும் கறுப்பும். மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து பாய்ந்து வரும் ஆறுகளில் மட்டும் வாழ்கிறது.

இதை முதலில் உலகுக்கு எழுதிச் சொன்னவர் பிரான்சிஸ் டே என்ற ஆங்கிலேய மருத்துவர். அவர் கொச்சியில் வேலை பார்த்தவர். கொச்சியைப் பற்றி 1863இல் ஒரு புத்தகமும் எழுதினார். முண்டக்கயம் மலைப் பகுதியில் கிடைத்த இந்த மீனை 1865இல் விவரித்தார். அப்போதைய சென்னை மாகாண ஆளுநர் டெனிசனின் பெயரை அதற்கு வைத்தார்.

நூறு ஆண்டுகளுக்கு மேல் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1997இல் சிங்கப்பூரில் நடந்த அலங்கார மீன் கண்காட்சியில் இது புதிய இனங்களின் பிரிவில் மூன்றாம் இடம் பெற்றது. அதன் பிறகு வெளிநாட்டில் நல்ல விலை. ஆறுகளில் வலை போட்டு அள்ளினார்கள். 2005 முதல் 2012 வரை இந்தியாவிலிருந்து அழிவை நோக்கிப் போகும் 30 வகை நன்னீர் மீன்கள் ஏற்றுமதி ஆயின. மொத்தம் 15 லட்சம் மீன்களுக்குக் குறையாது. இது ஆய்வாளர்கள் எடுத்த கணக்கு. அதிகம் போனவற்றில் மிஸ் கேரளாவும் குட்டிப் பேத்தையும் உண்டு. 2008இல் கேரள அரசு மிஸ் கேரளாவைப் பிடிப்பதற்குக் கட்டுப்பாடு விதித்தது. சில மாதங்களில் பிடிக்கக்கூடாது என்றது. அந்த மாதங்கள், மீன் முட்டையிடும் மாதங்களோடு சரியாகப் பொருந்தவில்லை என்று பிறகு ஆய்வாளர்கள் காட்டினார்கள். உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை அழியும் ஆபத்தில் உள்ள இனங்களின் பட்டியலில் சேர்த்தது. கொச்சி பனங்காட்டில் உள்ள மீன்வளக் கல்லூரியில் இதைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைக்கும் முறையைக் கண்டுபிடித்தார்கள்.

இது இரண்டு அடித் தொட்டிக்கு ஏற்ற மீனும் அல்ல. 15 செ.மீ. வளரும். கூட்டமாக, வேகமாக நீந்தும். ஓடும் ஆற்று நீர் போலக் காற்று நிறைந்த, சூடு குறைந்த நீர் வேண்டும். ஊர்ப் பெருமை என்று சொல்லி ஆற்றில் பிடித்த மீனை வாங்கி, வீட்டில் சாகவிடுவதில் பெருமை எதுவும் இல்லை.

ஒரு சின்னக் குடும்பம்

சரி, குழாய்த் தண்ணீர், இரண்டு அடித் தொட்டி. என்ன மீன் விடலாம்?

வரிக்குதிரை மீன் ஐந்து. நீல வரிகள் போட்ட சின்ன மீன். கிழக்கு இந்தியாவிலும் வங்கதேசத்திலும் வயல் வாய்க்கால்களில் வாழ்வது. உலகம் முழுக்க ஆராய்ச்சிக்கூடங்களில் இதைத்தான் வளர்க்கிறார்கள். முட்டைக்குள் குஞ்சு வளர்வதைக் கண்ணாடி போலப் பார்க்கலாம் என்பதால். இது தொட்டியின் மேல் பக்கம் ஓயாமல் ஓடும். தாவவும் செய்யும். தொட்டிக்கு மூடி வேண்டும்.

செர்ரி பார்ப் ஐந்து. இலங்கையின் நிழலான ஓடைகளைச் சேர்ந்தது. ஆண் மீன் செர்ரிப் பழம் போலச் சிவப்பாக இருக்கும். இரண்டு ஆண், மூன்று பெண் என்று வாங்கலாம். டைகர் பார்ப் போல இது வம்புக்குப் போகாது. தொட்டியின் நடுவிலும் கீழேயும் செடிகளுக்கு இடையில் மேயும். ஒன்று மேலே, ஒன்று கீழே. இடத்துக்குத் தகராறு இல்லை. இரண்டும் 5 செ.மீ.க்குள் வளர்பவை. சாப்பாடும் ஒன்றுதான்.

கப்பியும் பிளாட்டியும் சாது மீன்கள்தான். சோப்பு சரியாக நுரைக்காத கிணற்று நீர் உள்ள வீட்டில் இவை நன்றாக வளரும். ஆனால் இவை குட்டி போடும். மாதம் ஒரு முறை இருபது முப்பது குட்டிகள் வரலாம். கடையில் வாங்கிய பெண் மீன் ஏற்கெனவே சூலாக இருக்கும். குட்டிகளை யாருக்குக் கொடுப்பது என்று முதலிலேயே யோசிக்க வேண்டும். ஆண் மட்டும் வாங்கினால் இந்தக் கவலை இல்லை.

பத்து மீனையும் ஒரே நாளில் விடக்கூடாது. மீனின் கழிவிலிருந்து அமோனியா என்ற நஞ்சு உண்டாகும். தொட்டியில் நல்ல நுண்ணுயிர்கள் வளர்ந்தால் இந்த நஞ்சை முறிக்கும். அவை பெருகுவதற்கு நாலு முதல் ஆறு வாரம் ஆகும். புதுத் தொட்டியில் மீன்கள் மொத்தமாகச் சாவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். முதலில் வரிக்குதிரை மீனை மட்டும் விட்டு, கொஞ்சமாகத் தீனி போட்டு, வாரம் இரு முறை ஒரு வாளி நீரை மாற்றி வர வேண்டும். செர்ரி பார்ப் ஆறு வாரம் கழித்து வரட்டும். பிள்ளைகள் அவசரப்படுத்துவார்கள். விட்டுக்கொடுக்க வேண்டாம்.

வேண்டாத மீனை என்ன செய்வது?

தெரியாமல் வாங்கிய சக்கர் ஒரு அடி வளர்ந்துவிட்டது. ஆஸ்கார் மற்ற மீன்களைத் தின்றுவிட்டது. அப்போது பலருக்குத் தோன்றுவது ஒன்றுதான். "பாவம், உயிர். கல்வத்திக் கால்வாயில் விட்டுவிடுவோம்." நல்ல மனசுதான். ஆனால் அதன் விளைவு கெட்டது.

கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் கால்வாய்களிலும் ஏரிகளிலும் சக்கர் மீன் இப்போது பெருகிக் கிடக்கிறது. கரையைத் துளைத்து வளை தோண்டுகிறது. முள் போன்ற துடுப்பால் மீனவரின் வலையைக் கிழிக்கிறது. அதை வாங்குவார் இல்லை. 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு வெள்ளத்தில் பண்ணைகளிலும் தொட்டிகளிலும் இருந்த வெளிநாட்டு மீன்கள் ஆறுகளில் கலந்தன. அமேசான் ஆற்றின் ராட்சத மீனான அரபைமா சாலக்குடி ஆற்றில் சிக்கியது. 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபி மீன் இன்று காயலில் கரிமீனுக்குப் போட்டியாக இருக்கிறது. கரிமீனை நம்பி அடுப்பெரிக்கும் வீடுகள் காயல் கரையில் ஏராளம்.

மீனை விற்ற கடையிலேயே திருப்பிக் கொடுக்கலாம். பல கடைக்காரர்கள் வாங்கிக்கொள்வார்கள். காசு தரமாட்டார்கள். பெரிய தொட்டி உள்ளவரைத் தேடிக் கொடுக்கலாம். வாங்கும் அன்றே கேட்டுவிடுவது இன்னும் நல்லது.

"சேட்டா, ஒத்துவரலைன்னா திருப்பி எடுத்துப்பீங்களா?"

"எடுத்துக்கிறேன் சேச்சி. மீன் உயிரோட இருக்கணும், அவ்வளவுதான்."

வீட்டுக்கு வந்ததும் மீன் இருக்கும் பையைப் பிரிக்காமல் தொட்டி நீரில் கால் மணி நேரம் மிதக்க விட வேண்டும். பைக்குள் இருக்கும் நீரும் தொட்டி நீரும் ஒரே சூட்டுக்கு வரும். பிறகு பையைத் திறந்து, தொட்டி நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் ஊற்ற வேண்டும். இன்னும் கால் மணி நேரம் கழித்து, சின்ன வலையால் மீனை மட்டும் எடுத்துத் தொட்டியில் விட வேண்டும். பைத் தண்ணீரைக் கீழே ஊற்றிவிடலாம். அன்று தீனி வேண்டாம். விளக்கையும் அணைத்துவிடலாம்.